ஒரு பழைய மகிழுந்தின் விலை

நுழையும்முன்

கைவிட்டுப் போன பொருளொன்று பல ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் விலைக்கு வந்து நிற்கிறது. வாங்கலாமா, வேண்டாமா? கையில் பணம் இருக்கிறதா என்பது முதற்கேள்வி. எதற்காக வாங்குகிறோம் என்பது இரண்டாம் கேள்வி. இவ்விரண்டையும் கடந்து, கேட்கப்படாமலே கிடக்கும் மூன்றாம் கேள்வி ஒன்றும் இருக்கக்கூடும். அக்கேள்வியைச் சென்றடைந்த ஒரு குடும்பத்தின் அனுபவத்தை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கைப்பேசியில் வந்த படம்

உடுமலைப்பேட்டையில் கூட்டுறவு வங்கி ஒன்றில் கணக்கராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர் அவர். வயது அறுபத்தேழு. அன்றாடச் செலவை இரவில் குறிப்பேட்டில் எழுதாமல் உறங்கச் செல்லும் வழக்கம் அவருக்கு இல்லை. 2024ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒருநாள் பழைய நண்பர் ஒருவர் அவருடைய கைப்பேசிக்கு ஒரு படம் அனுப்பினார். பொள்ளாச்சிக்கு அருகே ஒரு தென்னந்தோப்பில் நிற்கும் மகிழுந்தின் படம் அது. ‘1970ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு, நான்கு கதவு, விற்பனைக்கு’ என்று கீழே ஒரு வரி இருந்தது.

அன்று மாலைக்குள் அந்தப் படத்தை அவர் பலமுறை எடுத்துப் பார்த்துவிட்டார். வெளிர்நீல நிறம், முன்னே இருபுறமும் வட்ட விளக்குகள், கத்தியால் வெட்டியதுபோன்ற நேர்க்கோட்டு உடல். அவருடைய வண்டியும் அதே நிறந்தான். 1984ஆம் ஆண்டில் 18,000 ரூபாய் கொடுத்து ஒரு மருந்துக்கடைக்காரரிடம் வாங்கினார். 1993ஆம் ஆண்டில் 14,000 ரூபாய்க்கு விற்றார். இடையில் கழிந்த ஒன்பது ஆண்டுகளைத் தம் வாழ்வின் நல்ல காலம் என்றே அவர் எப்போதும் சொல்லிவந்தார். பழனிக்கும் வால்பாறைக்கும் சென்றுவந்த ஞாயிற்றுக்கிழமைகள், மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு திரும்பிய இரவுகள், ஏற்றத்தில் இயந்திரம் சூடேறி நின்ற இடங்கள் என அவர் நினைவில் அந்த வண்டி இன்னும் ஓடிக்கொண்டேயிருந்தது.

“விலை மூன்றரை இலட்சம் சொல்றாங்க,” என்று மனைவியிடம் படத்தைக் காட்டினார். அம்மையார் கண்ணாடியை அணிந்துகொண்டு பார்த்தார். “நம்ம வண்டி மாதிரியே இருக்குதுங்க,” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. அவரும் வேறெதுவும் கேட்கவில்லை.

சென்னையில் பிறந்த வண்டி

இன்றைய மாணவர்க்கு ஹெரால்டு என்னும் பெயர் புதிதாக இருக்கலாம். 1960களிலும் 1970களிலும் இந்தியச் சாலைகளில் பெரும்பாலும் மூன்று வகை மகிழுந்துகளே ஓடின. கொல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் செய்த அம்பாசிடர் ஒன்று. மும்பையில் பிரீமியர் நிறுவனம் செய்த ஃபியட் மற்றொன்று. மூன்றாவதான ஹெரால்டு, சென்னைக்குத் தெற்கே வண்டலூரை ஒட்டிய தொழிற்சாலையில் உருவானது. அதனைச் செய்தது ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்னும் நிறுவனம்.

இங்கிலாந்தில் 1959ஆம் ஆண்டில் டிரயம்ப் ஹெரால்டு என்னும் பெயரில் வெளிவந்த வண்டியே இதன் மூலம். அதற்கு உருவம் கொடுத்தவர் ஜியோவானி மிக்கெலோட்டி என்னும் இத்தாலிய வடிவமைப்பாளர். 1961ஆம் ஆண்டு முதல் அது சென்னையில் செய்யப்பட்டது. இயந்திரத்தின் கொள்ளளவு 948 கன சென்டிமீட்டர். இன்றைய சில இருசக்கர வண்டிகளின் இயந்திரங்கள்கூட இதைவிடப் பெரியவை. அக்காலத்தில் பிற வண்டிகள் பலவற்றில் உடலும் அடிச்சட்டமும் ஒன்றாகவே அமைந்திருக்க, ஹெரால்டில் அடிச்சட்டம் தனியாகவும், அதன்மேல் திருகாணிகளால் பூட்டப்பட்ட உடற்பகுதிகள் தனியாகவும் இருந்தன. முன்பக்கம் முழுவதும், விளக்குகளும் சக்கர மூடிகளும் உட்பட, ஒரே துண்டாக முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். பழுது பார்ப்பவர் முன்சக்கரத்தின் மேலேயே அமர்ந்து வேலை செய்யலாம். முன்சக்கரங்கள் மிகுதியாகத் திரும்பக் கூடியவை என்பதால், ஏறத்தாழ 25 அடி விட்டமுள்ள வட்டத்திற்குள் வண்டி முழுமையாகத் திரும்பிவிடும். குறுகிய தெருக்களில் இது பெரும் வசதி.

1970களில் ஹெரால்டின் வழித்தோன்றலாகக் கெசல் என்னும் வண்டி வந்தது. அதுவும் 1977ஆம் ஆண்டோடு நின்றது. 1985ஆம் ஆண்டில் அந்நிறுவனம் ஸ்டாண்டர்டு 2000 என்னும் பெரிய வண்டியைக் கொண்டுவந்தது. அது மக்களிடம் எடுபடவில்லை. 1988ஆம் ஆண்டில் தொழிற்சாலை மூடப்பட்டது. அதன்பின் ஹெரால்டு வைத்திருந்தோர் உதிரி பாகங்களுக்காகப் பழைய இரும்புக் கடைகளை நாட வேண்டியதாயிற்று. நம் கணக்கர் தம் வண்டியை விற்றதற்கு அதுவும் ஒரு காரணம். வீட்டிற்குக் கடைக்கால் போடப் பணம் தேவைப்பட்டது மற்றொரு காரணம்.

இரண்டு பத்திகள்

எந்த முடிவையும் கணக்காக்கிப் பார்ப்பது அவர் இயல்பு. அன்றிரவு குறிப்பேட்டின் ஒரு பக்கத்தை நடுவே கோடிட்டு இரண்டாகப் பிரித்தார். இடப்பத்திக்கு ‘வேண்டாம்’ என்றும், வலப்பத்திக்கு ‘வேண்டும்’ என்றும் தலைப்பிட்டார்.

இடப்பத்தி விரைவாக நிறைந்தது. வைப்புநிதி ஒன்று முதிர்ந்து 4 இலட்சம் ரூபாய் கைக்கு வந்திருந்தது. அதில் மூன்றரை இலட்சம் வண்டிக்கே போய்விட்டால், மழையில் கசியும் மேல்தளத்தைச் செப்பனிடுவது தள்ளிப்போகும். வாங்கும் விலையோடு செலவு முடிவதுமில்லை. தகர வேலை, வண்ணப்பூச்சு, இருக்கைத் துணி, சக்கர உறை எனத் தொடர்ந்து கேட்கும். அந்த இயந்திரம் ஈயம் கலந்த பெட்ரோலுக்காக வடிவமைக்கப்பட்டது. இந்தியாவில் அவ்வகைப் பெட்ரோல் 2000ஆம் ஆண்டோடு நின்றுவிட்டதால், வால்வு அமரும் இடங்கள் விரைந்து தேயும். அவற்றைக் கடினமான உலோகத்தில் மாற்ற வேண்டும். இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் பழைய இரப்பர்க் குழாய்களும் இளகிப்போகும். அவற்றையும் மாற்ற வேண்டும். இருக்கைவார் இல்லை, காற்றுப்பை இல்லை. பேரக்குழந்தைகளை ஏற்றிச் செல்ல மகள் ஒப்புவாளா என்பது ஐயமே. பதிவைப் புதுப்பிக்கும் வேலையும் இருக்கிறது.

வலப்பத்தியில் நெடுநேரம் ஒன்றும் எழுத இயலவில்லை. ‘வால்பாறைச் சாலை’ என்று எழுதினார். ‘அந்தப் பெட்ரோல் வாசனை’ என்று எழுதினார். பிறகு, ‘விற்றிருக்கக் கூடாது’ என்று எழுதி அதன்கீழ்க் கோடிட்டார். கணக்கில் வராத ஒன்றைக் கணக்கேட்டில் எழுதிவிட்டோம் என்று அவருக்கே தோன்றியது. ஆயினும், அந்த ஒரு வரி இடப்பத்தி முழுவதையும்விடக் கனமாக இருந்ததை அவர் உணர்ந்தார். மறுநாள் காலை நண்பரை அழைத்து, வண்டியைப் பார்க்க வருவதாகச் சொன்னார். துணைக்கு வருமாறு மனைவியையும் அழைத்தார்.

தென்னந்தோப்பில்

பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்த காற்று ஆடிச் சாரலைத் தூவிக்கொண்டிருந்தது. தோப்பின் நடுவே தேங்காய்நார் உலர்த்தும் சிமெண்டுக் களம். அதன் ஓரத்துக் கொட்டகையில் வண்டி நின்றது. உரிமையாளர் நாற்பது வயதுடைய விவசாயி. வண்டி அவருடைய தந்தையுடையது.

கணக்கர் ஆயத்தமாகவே வந்திருந்தார். சட்டைப்பையிலிருந்து சிறிய காந்தம் ஒன்றை எடுத்துக் கதவுகளின் அடிப்பகுதியில் வைத்துப் பார்த்தார். தகரம் இருக்குமிடத்தில் காந்தம் ஒட்டும். துருவைச் சுரண்டிப் பட்டி வைத்து மூடிய இடத்தில் ஒட்டாது. இரண்டு இடங்களில் அது நழுவி விழுந்தது. குனிந்து, அடிச்சட்டத்தின் பக்கவாட்டுக் கரங்களைத் திருப்புளியின் பிடியால் தட்டினார். ஓரிடத்தில் மட்டும் ஓசை மந்தமாகக் கேட்டது. முன்பக்கத்தைக் கவிழ்த்துத் திறந்து, இயந்திரத்தின் எண்ணைப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டார். இரண்டும் பொருந்தின. குறைகள் இருந்தாலும் சரிசெய்யக்கூடியவைதாம் என்று அவர் மனம் முடிவு செய்துவிட்டது.

“களத்திலேயே ஒரு சுற்று ஓட்டிப் பாருங்க சார்,” என்றார் உரிமையாளர்.

கணக்கர் அமர்ந்தார். இயந்திரம் உயிர்பெற்றது. அந்த ஓசை காதில் விழுந்ததும் முப்பது ஆண்டுகள் சட்டென்று கரைந்தாற்போல் இருந்தது. வண்டி நகர்ந்து, களத்தின் மூலையில் வேகம் குறைந்து ஊர்ந்தபோது, கியரை ஒன்றுக்குத் தள்ளினார். பல்சக்கரங்கள் உராய்ந்து அலறின. மீண்டும் தள்ளினார், மீண்டும் அலறல்.

பக்கத்து இருக்கையில் இருந்த அம்மையார் மெல்லச் சொன்னார்: “நிறுத்திட்டுப் போடுங்க. ஓடும்போது ஒன்னாம் கியர் விழாதுங்க.”

அது உண்மை. அவ்வண்டியில் இரண்டு, மூன்று, நான்கு ஆகிய கியர்களை ஓட்டத்திலேயே மாற்றலாம். முதற்கியருக்கு மட்டும் அவ்வசதி இல்லை. கணக்கர் அதை மறந்திருந்தார். அம்மையார் மறக்கவில்லை.

உரிமையாளர் வியப்போடு கேட்டார்: “அம்மா ஓட்டியிருக்கீங்களா?”

“எட்டு வருசம்,” என்றார் அம்மையார்.

“அப்ப நீங்களும் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்களேன்.”

அம்மையார் கணவரைப் பார்த்தார். அவர் இறங்கி இடப்பக்கம் வந்தார். அம்மையார் சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வலப்பக்கம் அமர்ந்தார். இருக்கையைச் சற்று முன்னே இழுத்தார்; கண்ணாடியைத் திருத்தினார்; கிளட்சை இருமுறை மிதித்துப் பார்த்தார். வண்டி குலுங்காமல் நகர்ந்தது. களத்தைச் சுற்றி வந்தவர், கொட்டகைக்கும் நார்க்குவியலுக்கும் இடையே இருந்த சிறு இடத்தில் சக்கரத்தை முழுவதுமாக ஒடித்து, பின்னே போகாமல் ஒரே திருப்பில் வண்டியைத் திருப்பி நிறுத்தினார். கணக்கரால் அந்த இடத்தில் அவ்வாறு திருப்பியிருக்க முடியாது.

இறங்கும்போது அம்மையாரின் முகத்தில் ஒரு மலர்ச்சி இருந்தது. அம்மலர்ச்சியைத் தாம் எங்கே கண்டோம் என்று கணக்கர் நினைவுகூர முயன்றார். நெடுநாள் ஆகிவிட்டிருந்தது.

கேட்கப்படாத கேள்வி

திரும்பும் வழியில், தங்கள் சிறிய மகிழுந்தை ஓட்டியவாறே அவர் எண்ணிப் பார்க்கத் தொடங்கினார். அந்த ஹெரால்டைத் தாம் ஓட்டியது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே. வங்கி வீட்டிலிருந்து நடக்கும் தொலைவில் இருந்தது. நாள்தோறும் ஓட்டியவர் மனைவிதான். பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் இருந்த ஊரின் தொடக்கப்பள்ளியில் அவர் ஆசிரியை. அவ்வூருக்குக் காலையில் ஒரு பேருந்து, மாலையில் ஒரு பேருந்து. 1985ஆம் ஆண்டில் ஓட்டுநர் உரிமம் பெற்ற பின், அவர் வண்டியிலேயே பள்ளிக்குச் சென்றுவந்தார். மழைக்காலத்தில் வழியில் நடந்துவரும் பிள்ளைகளை ஏற்றிக்கொள்வார். ‘கார் டீச்சர்’ என்றே அவ்வூரில் அவருக்குப் பெயர்.

வண்டி விற்கப்பட்டது ஒரு சனிக்கிழமை. அன்று அம்மையார் தாய்வீட்டிற்குச் சென்றிருந்தார். வாங்க வந்தவர் ரொக்கம் கொண்டுவந்ததால் கணக்கர் அன்றே கொடுத்து அனுப்பிவிட்டார். வண்டி அவர் பெயரில் இருந்தது. கையெழுத்தும் அவர் ஒருவருடையதே போதுமானதாக இருந்தது. மாலையில் திரும்பிய அம்மையார் வெறுமையான கொட்டகையைப் பார்த்தார். “பின் சீட்டுல என் குடை இருந்துச்சுங்களே, எடுத்து வச்சீங்களா?” என்று மட்டும் கேட்டார். குடை வண்டியோடு போய்விட்டிருந்தது. திங்கட்கிழமை முதல் மீண்டும் பேருந்து.

இந்த உரையாடல் கணக்கருக்கு மறக்கவில்லை. ஆனால், தம் துயரக் கதையின் ஒரு சிறு வேடிக்கையாகவே இத்தனை ஆண்டுகள் அதைச் சொல்லிவந்திருந்தார். ‘நான் வண்டி போன வருத்தத்தில் இருக்கிறேன், இவள் குடையைத் தேடுகிறாள்’ என்று உறவினரிடம் கூறிச் சிரித்திருக்கிறார். கேட்டவர்களும் சிரித்திருக்கிறார்கள். அம்மையார் அப்போதெல்லாம் காப்பி கலக்க உள்ளே சென்றுவிடுவார்.

சாலையோரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அவர் கேட்டார்: “2015இல் இந்தக் கார் வாங்கினோமே, அப்ப நீ ஏன் ஓட்டலை?”

அம்மையார் வெளியே பார்த்தவாறு சொன்னார்: “லைசென்ஸ் காலாவதி ஆயிருச்சு. அந்த வண்டி போன பிறகு எதுக்குப் புதுப்பிக்கணும்னு விட்டுட்டேன். இது வந்தப்ப, நீங்க சாவியை வாங்கி உங்க பையில போட்டுக்கிட்டீங்க. ஓட்டறயான்னு ஒரு நாளும் கேட்கலையே.”

குரலில் சினம் இல்லை. மேல்தளம் கசிகிறது என்று சொல்வதுபோலவே சொன்னார். அதனாலேயே அச்சொற்கள் கணக்கரைக் கூடுதலாகச் சுட்டன.

சிறிது நேரம் கழித்து அவர் சொன்னார்: “அந்த ஹெரால்டை வாங்கிடலாம். உன் பேருக்கே எழுதிடலாம். நீயே ஓட்டு.”

தவறொன்றை உணர்ந்தவுடன் பெரிதாக எதையாவது கொடுத்து ஈடுகட்டிவிடத் துடிப்பது மனித இயல்பு. அம்மையார் சிரித்தார். “வாங்கினா அதைத் துணி போட்டு மூடி வைப்பீங்க. மழை பெய்தா துருப்பிடிக்கும்னு வெளியே எடுக்க விடமாட்டீங்க. பாகம் உடைஞ்சா கிடைக்காதுன்னு பயந்து பயந்து ஓட்டணும். எனக்கு அந்த வண்டி வேண்டாங்க. எனக்கு ஓட்டணும், மழையிலயும் ஓட்டணும். அதுக்கு இந்த வண்டியே போதும்.”

முடிவு

அன்றிரவு கணக்கர் குறிப்பேட்டைத் திறந்தார். ‘விற்றிருக்கக் கூடாது’ என்று தாம் எழுதிய வரியை நெடுநேரம் பார்த்தார். அது பிழையான வரி என்று இப்போது தெரிந்தது. விற்றது தவறன்று. வீடு எழுந்தது, அதில்தான் மகள் வளர்ந்தாள். பணமும் தேவைப்பட்டது, பாகங்களும் கிடைக்கவில்லை. கேட்காமல் விற்றதுதான் தவறு. முப்பத்தோர் ஆண்டுகள் கழித்து அதேபோன்ற வண்டியை வாங்கிக் கொட்டகையில் நிறுத்தினாலும், கேட்காத அந்தச் சனிக்கிழமை மாறப்போவதில்லை. இழந்ததைத் திரும்பப் பெறுவதாக எண்ணி, மீண்டும் தம் விருப்பத்தையே நிறைவேற்றிக்கொள்ள இருந்தோம் என்பதை அவர் விளங்கிக்கொண்டார்.

மறுநாள் பொள்ளாச்சிக்கு அழைத்து, வாங்க இயலாமையைத் தெரிவித்தார். சில நாள்களில் அந்த வண்டி பழைய வாகனங்களைச் சேகரிக்கும் இளைஞர் ஒருவர் கைக்குச் சென்றது என்று நண்பர் சொன்னார். முறையாகப் பேணத் தெரிந்தவரிடம் சேர்ந்ததில் கணக்கருக்கு மகிழ்ச்சியே. சிறிது பொறாமையும் இல்லாமல் இல்லை.

காலாவதியாகி ஓராண்டு கடந்த உரிமத்தைப் புதுப்பிக்க, மீண்டும் ஓட்டிக் காட்டித் தேர்ச்சி பெற வேண்டும். நாற்பது வயதைக் கடந்தவர் மருத்துவச் சான்றும் அளிக்க வேண்டும். அறுபத்து நான்கு வயதில் அம்மையார் கண் பரிசோதனைக்குச் சென்றார். பழகுநர் உரிமம் பெற்றார். கணக்கரின் குறிப்பேட்டில் இரண்டு செலவுகள் அடுத்தடுத்து ஏறின: மேல்தளம் செப்பனிட்டது ஒன்று, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்குக் கட்டிய கட்டணம் மற்றொன்று.

ஐப்பசி மாதத்தில் ஒருநாள் காலை, சிவப்பு எழுத்துப் பலகை ஒட்டிய அந்தச் சிறிய மகிழுந்து, பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் இருந்த பழைய பள்ளியை நோக்கிப் புறப்பட்டது. வானம் இருண்டிருந்தது. சாவியை அம்மையாரிடம் கொடுத்துவிட்டு, உரிமம் உள்ளவர் என்ற முறையில் கணக்கர் இடப்பக்கம் அமர்ந்தார். அம்மையார் இருக்கையை முன்னே இழுத்தார்; கண்ணாடியைத் திருத்தினார். பிறகு ஏதோ நினைவு வந்தவராய் இறங்கி உள்ளே சென்று, ஒரு குடையை எடுத்துவந்து பின்னிருக்கையில் வைத்தார்.

தெரிந்து தெளிவோம்

முதற்பதிவு நாளிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த, மூல வடிவம் பெரிதும் மாற்றப்படாத தனியார் வாகனங்களைத் தொன்மை வாகனங்களாகப் பதிவு செய்வதற்கான விதிகளை நடுவண் அரசு 2021ஆம் ஆண்டில் வெளியிட்டது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகள் செல்லும். இவ்வாறு பதிவு செய்த வாகனத்தைக் கண்காட்சி, தொன்மை வாகன அணிவகுப்பு, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்காக மட்டுமே சாலையில் ஓட்டலாம். அன்றாடப் பயன்பாட்டிற்கு ஓட்ட இயலாது. பழைய மகிழுந்துகள் பலவற்றைக் கோயம்புத்தூரில் உள்ள ஜிடி மகிழுந்து அருங்காட்சியகத்தில் காணலாம்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டில் விற்கப்பட்ட அல்லது கைவிடப்பட்ட பொருள் ஒன்றைப் பற்றிக் குடும்பத்தினர் இருவரிடம் தனித்தனியே கேட்டறிக. இருவர் நினைவுகளும் எவ்விடங்களில் வேறுபடுகின்றன என்பதை ஒரு பக்க அளவில் எழுதுக.

2. ‘விற்றது தவறன்று, கேட்காமல் விற்றதுதான் தவறு’ என்னும் கணக்கரின் முடிவை ஏற்கிறீர்களா? வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. கணக்கரின் குறிப்பேட்டைப் போல, நீங்கள் எடுக்கவேண்டிய முடிவு ஒன்றை இரண்டு பத்திகளில் எழுதிப் பார்த்து, அம்முடிவால் யார் யாருடைய வாழ்வு மாறும் என்பதையும் பட்டியலிடுக.